பழைய பட்டடையைப் புதுக்குதல்

உழவனுடைய கொழுவும், தச்சனுடைய உளியும், கொத்தனுடைய கரண்டியும் ஒரு காலத்திற் கொல்லனுடைய உலைக்களத்திலேயே உருப்பெற்று வந்தன. அவ்வுலைக்களத்துள் நுழைவோர் கண்ணை நெருப்பு இழுக்கும். செவியைச் சம்மட்டியின் ஓசை நிறைக்கும். ஆயின், காய்ந்த இரும்பைத் தன்மேல் ஏற்று, அதன்மேல் விழும் அடிகளையெல்லாம் தாங்கி நிற்கும் பட்டடையை உற்று நோக்குவார் சிலரே. உலைக்கல் என்றும், அடைகல் என்றும் இதனை வழங்குவர். சம்மட்டியின் பிடி முறிந்தால் வேறு பிடி இடலாம். துருத்தி கிழிந்தால் தைக்கலாம். பட்டடையோ தந்தைக்குப் பின் மகனுக்கும், மகனுக்குப் பின் பேரனுக்கும் பயன்படுவது. அதனைக் கெடுத்துவிட்டால் மீண்டும் பெறுதல் அரிது.

எம் கல்லூரிப் பட்டறைக்குப் பழைய பட்டடைகள் இரண்டு, சில ஆண்டுகள் இடைவிட்டு, பழைய இரும்புக் கடைகளிலிருந்து வந்தன. முதலாவதை யாம் புதுக்கப் புகுந்து கெடுத்தோம்; இரண்டாவதைக் காத்தோம். அவ்விரண்டினாலும் அறிந்தவற்றை, பட்டறையில் உழைக்கும் மாணவர்க்கும், தம் ஊரிற் பழைய கருவிகளைக் காண நேரும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

பட்டடையின் அமைப்பு

நம் நாட்டுக் கொல்லர் தொன்றுதொட்டு ஆண்டு வந்த பட்டடை, மரக்கட்டையில் இறுக்கித் தரையோடு தாழ அமைத்த சிறு இரும்புக் கட்டியேயாம். கொல்லர் அதனருகே அமர்ந்து வேலை செய்வர். யாம் வாங்கியவை இவ்வகையின அல்ல. ஒருபுறம் கொம்பு நீண்டு, நின்று வேலை செய்தற்கேற்ற உயரத்தில் அமைக்கப்படும் ஆங்கில நாட்டு வகை. இதனை 'லண்டன் வகை' என்பர்.

இவ்வகைப் பட்டடையின் உறுப்புக்களை முதலில் அறிதல் வேண்டும். மேலே தட்டையாக இருப்பது முகம். ஒருபுறம் கூம்பி நீள்வது கொம்பு; வளையங்களும் கொக்கிகளும் வளைப்பதற்கு உரியது. முகத்துக்கும் கொம்புக்கும் இடையே சற்றுத் தாழ்ந்திருப்பது படி. முகத்தின் மறு கோடி வால். வாலின் பக்கமாக முகத்தில் இரண்டு துளைகள் இருக்கும். சதுரத் துளை, வெட்டுளி முதலிய சிறு கருவிகளைத் தலைகீழாக நிறுத்தி வைத்தற்கு உரியது. வட்டத் துளை, இரும்பிற் பொத்தலிடும்போது துளையுளி கீழே இறங்குவதற்கு இடந்தருவது. முகத்தின்கீழ் இடுப்பும், இடுப்பின்கீழ் அகன்ற பாதங்களும் உள்ளன.

இப்பட்டடையின் உடல் முழுதும் ஒரே உலோகமென்று எண்ணுவது பிழை. இங்கிலாந்தில் டட்லி நகரத்துப் பீட்டர் ரைட், ஷெபீல்டு நகரத்து மௌஸ் ஹோல் முதலிய தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட பழைய பட்டடைகளின் உடல் மென்மையான தேனிரும்பு. அதன் முகத்தின்மேல் ஏறக்குறைய அரை அங்குலக் கனமுள்ள எஃகுத் தகடு ஒன்றை, இரண்டையும் வெண்சூடேற்றிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கிப் பற்றவைத்தனர். பின்னர் முகத்தைச் செஞ்சூடேற்றி மிகுந்த நீரைக் கொட்டித் துவைச்சலிட்டனர். இதனால் எஃகு கடினம் பெற்றது. தேனிரும்பு உடல் மென்மையாகவே நின்று அதிர்ச்சியைத் தாங்கிற்று. படிக்கு எஃகு இடுவதில்லை. அஃது உளியால் இரும்பை வெட்டும் இடம். அங்கே உளி கீழிறங்கிப் பட்டாலும் அதன் கூர் மழுங்காதிருத்தற்பொருட்டு மென்மையாக விட்டனர்.

எல்லாப் பட்டடைகளும் இம்முறையிற் செய்யப்பட்டன அல்ல. ஸ்வீடன் நாட்டுக் கோல்ஸ்வா பட்டடைகள் ஒரே எஃகாக வார்க்கப்பட்டவை. அமெரிக்க நாட்டு ஃபிஷர் பட்டடைகளின் முகம் எஃகு, உடல் வார்ப்பிரும்பு. ஆதலின், கையிற் கிடைத்தது எவ்வகையினது என்பதை அறிந்த பின்னரே அதனைப் புதுக்கத் தொடங்குதல் வேண்டும். இவ்வொன்றை அறியாமையே எமது முதற் பிழைக்குக் காரணமாயிற்று.

முதற் பட்டடைக்கு நேர்ந்தது

முதற் பட்டடையின் முகம் நடுவிற் சற்றுக் குழிந்தும், விளிம்புகள் சிதைந்தும், எங்கும் உளித் தழும்பு நிறைந்தும் இருந்தது. கண்டோர் பலரும் அதனைச் சமமாக்கினாலன்றிப் பயனில்லை என்றனர். யாமும் அவ்வாறே கருதினோம். தொழிலறிந்த ஒருவரையும் கேளாமல், மில்லிங் இயந்திரத்தில் ஏற்றி முகத்தைச் சீவிவிடச் சொன்னோம். குழியின் அடிவரையிற் சீவியதால், இரு கோடிகளிலும் கால் அங்குலத்துக்கு மேற்பட்ட எஃகு நீங்கிற்று. முகம் கண்ணாடிபோல் மின்னிற்று. அவ்வாண்டுக் கண்காட்சியில் அதனை நடுவே வைத்து மகிழ்ந்தோம்.

சில வாரங்களில் உண்மை வெளிப்பட்டது. மாணவர் ஒருவரது சுத்தியல் தவறி முகத்திற் பட்டபோது பிறைபோன்ற பள்ளம் ஒன்று விழுந்தது. முன்னெல்லாம் எகிறித் திரும்பிய சுத்தியல், இப்போது அடித்த இடத்திலேயே சோர்ந்து கிடந்தது. ஒரு பருவம் முடிவதற்குள் முகம் முழுதும் பள்ளமாயிற்று. எம் பட்டறைக்கு அவ்வப்போது வந்து மாணவர்க்கு உலைவேலை காட்டும் முதியவராகிய ஆசாரியார் ஒருவர் அதனைக் கண்டார். முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். சிறு சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டினார். "கண்ணுக்கு நேராக்கப் போய்க் கைக்குக் கெடுத்துவிட்டீர்களே, தம்பி! எஃகெல்லாம் சீவலாய்ப் போயிற்று," என்றார். பன்னெடுங்காலம் பலர் அடித்தும் கெடாத ஒன்றை யாம் ஒரு பிற்பகலிற் கெடுத்தோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

வாங்குமுன் செய்யும் சோதனை

இரண்டாம் பட்டடையை வாங்கச் சென்றபோது அவ்வாசாரியாரையே உடனழைத்துச் சென்றோம். கடையில் இரண்டு பட்டடைகள் கிடந்தன. ஒன்று கரிய வர்ணம் பூசப்பெற்றுப் புதியதுபோல் தோன்றிற்று. மற்றொன்று துருவும் எண்ணெய் அழுக்கும் மூடிப் பார்க்கவே மனங்கொள்ளாததாயிருந்தது. அவர் இரண்டாவதையே தெரிந்தெடுத்தார். அவர் செய்த சோதனைகள் இரண்டு.

முதலாவது ஓசைச் சோதனை. பட்டடையைச் சமமான இடத்தில் நிறுத்திச் சிறு சுத்தியலால் முகத்தை மெல்லத் தட்டினால், நல்ல தேனிரும்புப் பட்டடை மணிபோல் ஒலிக்கும். ஓரிடத்தில் மட்டும் மழுங்கிய ஓசை எழுமாயின் அங்கே வெடிப்பு இருத்தலோ, எஃகுத் தகடு உடலைவிட்டுப் பிரிந்திருத்தலோ கூடும். எனினும் இச்சோதனையை மட்டும் நம்புதல் கூடாது. வார்ப்பிரும்பு உடலையுடைய ஃபிஷர் பட்டடை எவ்வளவு நல்லதாயினும் ஒலிப்பதில்லை.

இரண்டாவது எகிறற் சோதனை. ஓர் அங்குலக் குறுக்களவுள்ள பேரிங் குண்டு ஒன்றைப் பத்து அங்குல உயரத்திலிருந்து முகத்தில் விடவேண்டும். பக்கத்தில் அளவுகோல் ஒன்றை நிறுத்திக் குண்டு எவ்வளவு உயரம் எழுகின்றதென்று பார்க்கவேண்டும். ஏழெட்டு அங்குலம் எழுந்தால் முகம் நல்ல கடினமுடையது. மூன்று நான்கு அங்குலமே எழுந்தால் முகம் மென்மையானது, அல்லது எஃகு போய்விட்டது என்று கொள்ளலாம். இதன் காரணம் எளிது. மென்மையான பரப்புக் குண்டின் வேகத்தைத் தன்னிற் பள்ளமாக்கிக்கொண்டு விழுங்கிவிடும். கடினமான பரப்பு அதனைத் திருப்பிக் கொடுக்கும். கொல்லன் ஓங்கிய சுத்தியலுக்கும் நிகழ்வது இதுவே. நல்ல பட்டடையின்மேல் அடியின் ஆற்றல் காய்ந்த இரும்பிலேயே செலவாகும். சுத்தியலும் எளிதில் மேலெழும். தீய பட்டடையின்மேல் அடிப்பவன் கையே விரைவிற் சோரும்.

வர்ணம் பூசிய பட்டடையில் குண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் எழவில்லை. துருப்பிடித்ததில் ஏறக்குறைய எட்டு அங்குலம் எழுந்தது. ஆசாரியார் ஒன்றும் பேசாமல் எம்மை நோக்கினார். யாமும் பேசாமற் பணத்தைக் கொடுத்தோம்.

அழுக்கையும் துருவையும் நீக்குதல்

துரு என்பது, இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடும் நீரோடும் கூடி மாறிய பொருள். அது பொருபொருத்திருப்பதால், தன்னுள் ஈரத்தை இருத்தி மேலும் இரும்பை உண்ணும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இது விரைந்து நிகழும். ஆதலின் செந்துருவை நீக்கவேண்டுவது முறையே. ஆனால், பழைய பட்டடையின் உடலில் இறுகப் படிந்துள்ள கரும்பூச்சு வேறு. அது மெல்லிய கருந்துருவும், பலகாலம் ஊறிய எண்ணெயும் சேர்ந்து ஆகியது, இரும்பைக் காப்பது. அதனைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால், மழைக்காலம் வந்தவுடன் செந்துரு மீண்டும் படியும்.

யாம் செய்த முறை வருமாறு: முதலிற் கட்டியாக ஒட்டியிருந்த மண்ணையும் பழைய எண்ணெயையும் மரச்சில்லாற் சுரண்டி எடுத்தோம். பின்னர் மண்ணெண்ணெயில் நனைத்த கந்தையாற் பலமுறை துடைத்தோம். அது நன்கு உலர்ந்தபின், கம்பித் தூரிகையைக் கையாற் பிடித்துத் தேய்த்தோம். சாணை இயந்திரத்தை உடலிற் படவே விடவில்லை. அதன் பயன் மறுநாளே கிட்டியது. பட்டடையின் பக்கத்தில் ஏதோ மேடும் பள்ளமும் தோன்றவே, அங்கே சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தோம். பீட்டர் ரைட் என்னும் பெயர் ஆங்கில எழுத்துக்களில் வெளிப்பட்டது. அதன்கீழ் 1, 1, 20 என்று மூன்று எண்களும் இருந்தன.

அவ்வெண்களின் பொருளை மாணவர் பலவாறு ஊகித்தனர். ஒருவர் ஆண்டு என்றார்; ஒருவர் வரிசை எண் என்றார். உண்மையில் அவை நிறையைக் குறிப்பன. முதல் எண் அந்தர், அஃதாவது 112 இராத்தல்; இரண்டாம் எண் கால் அந்தர், அஃதாவது 28 இராத்தல்; மூன்றாவது தனி இராத்தல். ஆகவே 112, 28, 20 ஆகிய மூன்றையும் கூட்ட 160 இராத்தல் வரும். அது 72½ கிலோவுக்குச் சமம். தராசில் ஏற்றியபோது 72 கிலோ இருந்தது. எஃகு பெரிதும் குறையவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்றாயிற்று. சாணையிட்டிருந்தால் அவ்வெழுத்துக்கள் அடியோடு அழிந்திருக்கும்.

கொம்பின்கீழும், வாலின்கீழும், அடியிலும் காணப்படும் சதுரக் குழிகளைக் கண்டு சிலர் உடைவு என்று அஞ்சுவர். அவை உடைவு அல்ல. பட்டடையை உருவாக்கியபோது, பழுக்கக் காய்ந்த அப்பெருங்கட்டியைத் தூக்கித் திருப்புவதற்கு இரும்புத் தண்டுகளைச் செருகிய குழிகளே அவை. அவற்றை அடைத்தல் வேண்டா.

பழைய வர்ணம் பூசியிருந்தால் ஓர் எச்சரிக்கை உண்டு. முற்காலத்து வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டிப் பொடியாக்குதலும், நெருப்பிட்டு எரித்தலும் உயிர்க்குத் தீங்கு. நனைத்துச் சுரண்டி, பொடியைத் திரட்டி, சிறுவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தல் வேண்டும்.

முகத்திற் படிந்த செந்துருவுக்கு மட்டும் காடியைப் பயன்படுத்தினோம். பித்தளைக் குடத்துக்குப் புளியிட்டு விளக்கும்போது புளிப்பு எவ்வாறு களிம்பைக் கரைக்கின்றதோ, அவ்வாறே காடியின் புளிப்புத் துருவைக் கரைக்கும். துணியைக் காடியில் நனைத்து முகத்தின்மேற் பரப்பி ஓரிரவு விட்டோம். காலையில் தூரிகையாற் றேய்க்கத் துரு கருஞ்சேறாய் வந்துவிட்டது. உடனே சலவைச் சோடா கரைத்த நீராற் கழுவிப் புளிப்பை மாற்றி, வெந்நீர் ஊற்றி, அந்தச் சூட்டிலேயே துடைத்து உலர்த்தினோம். இதிற் சிறிது காலந்தாழ்த்தாலும் புதுத்துரு கண்ணெதிரே படியும்.

மின்னோட்டத்தாலும் துருவை நீக்கலாம். சோடாக் கரைசல் நிறைந்த பிளாஸ்டிக் தொட்டியில் பட்டடையை வைத்து, 12 வோல்ட் மின்கலச் சார்ஜரின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டோடும் இணைப்பர். நீரிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் எழுவதால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். நேர்முனையிற் கறைபடா எஃகைப் பயன்படுத்துதல் கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரிற் கலக்கும். எமக்குக் காடியே போதுமானதாயிற்று.

இறுதியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசினோம். அவ்வெண்ணெய் தோய்ந்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அவை காற்றோடு கூடித் தாமே சூடேறித் தீப்பற்றும். விரித்துப் போட்டு உலர்த்துதல், அல்லது நீரில் அமிழ்த்துதல் வேண்டும்.

முகமும் விளிம்பும்

துரு நீங்கியபின் முகத்தின் நடுவில் மெல்லிய குழிவு தெரிந்தது. நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்ததில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. மாணவர் சிலர் இதனையாவது சிறிது சாணையிடலாமே என்றனர். ஆசாரியார் வளைந்த கம்பி ஒன்றை எடுத்து, வளைவு மேலே இருக்குமாறு அக்குழிவின்மேல் வைத்து, இரண்டு அடி அடித்தார். கம்பி நேராயிற்று. முற்றும் சமமான முகத்தின்மேல் அடித்தால் கம்பி தட்டையாகிச் சற்றே திரும்ப வளையும். சிறு குழிவு இருந்தால், நேருக்கு அப்பால் இம்மியளவு வளைந்து, பின் எகிறி நேரில் வந்து நிற்கும். ஆகவே மெல்லிய குழிவு குறையன்று; பலர் கை பழகி அமைந்த வசதியாகும்.

விளிம்புகளைக் குறித்தும் இவ்வாறே கருதல் வேண்டும். சிதைந்த விளிம்பிற் கூரிய முனைகள் இருந்தால் அவை மேலும் பெயர்ந்து கண்ணிற் றெறிக்கும். அவற்றை மட்டும் அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்சியாக்கினோம். சிதையாத விளிம்பைக்கூட ஊசிபோற் கூராக வைத்தல் நன்றன்று. கூர்விளிம்பின்மேல் இரும்பை அடித்து இறக்கினால் அவ்விடத்தில் மடிப்பு விழும். செய்த பொருள் பின்னர் அங்கேயே முறியும். விளிம்பின் ஒருபகுதி எட்டில் ஓர் அங்குல உருட்சியும், மற்றொரு பகுதி அதனிற் சிறிதும் உடையதாயிருப்பின் எல்லா வேலைக்கும் ஏற்கும்.

கைச்சாணை இயந்திரம் விரைவானது என்பது உண்மை. ஆனால் அதன் சூடு எஃகின் பதத்தைக் கெடுக்கும். துவைச்சலிட்ட எஃகு 220 பாகை சென்டிகிரேடு அளவிற் சூடேறினால் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலமும் கொள்ளும். நீலங்கண்ட இடத்திற் கடினம் குறைந்துவிட்டதென்று அறியலாம். பெயர்ந்த விளிம்பில் மின்பற்றவைப்பால் புது உலோகம் இடுவோரும் உண்டு. முகம் முழுவதையும் முன்னதாக அளவறிந்து சூடேற்றி, தக்க உலோகத்தைத் தெரிந்து செய்யும் கைதேர்ந்தவர்க்கே அஃது இயலும். மற்றையோர் செய்தால் பற்றின் ஓரத்தில் வெடிப்புத் தோன்றும். உளித்தழும்பு நாலைந்து இருப்பதால் வேலை கெடுவதில்லை. முகம் நாளும் வேலை செய்யச் செய்யத் தானே மெருகு பெறும்.

அமர்த்துதல்

நன்றாகப் புதுக்கிய பட்டடையும் ஆடும் இடத்தில் வைத்தால் பயன் தராது. புளியமரக் கட்டை ஒன்றைத் துண்டாக்கி, அதன் வெட்டுவாய் மேலே இருக்குமாறு நிறுத்தி, பாதங்களை இரும்புப் பட்டைகளால் இறுக்கினோம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் முட்டியின் கணுக்கள் முகத்தைத் தொடும் உயரமே பொதுவாக ஏற்றது. உயரம் மிகுந்தால் தோள் நோகும்; குறைந்தால் இடுப்பு நோகும். தேனிரும்புப் பட்டடையின் ஓசை நாளடைவிற் செவியைக் கெடுக்கும். ஆதலின் இடுப்பில் இரும்புச் சங்கிலி சுற்றினோம். ஓசை பெரிதும் அடங்கிற்று. வெறும் முகத்தில் ஒருபோதும் சம்மட்டியால் ஓங்கி அடிக்கலாகாது என்பதை மாணவர்க்கு விதியாக வைத்துள்ளோம். கடினமும் கடினமும் நேரே மோதினால் ஒன்று சில்லாய்த் தெறிக்கும்.

முடிவுரை

இவையனைத்தும் செய்து முடிக்க ஏழு நாட்கள் ஆயின. செலவு சிறிதே, மண்ணெண்ணெயும், காடியும், சோடாவும், எண்ணெயுமே வாங்கினோம். முதற் பட்டடைக்கு இயந்திரக் கூலி கொடுத்துக் கெடுத்ததை நினைக்குந்தோறும் நாணுகின்றோம். ஒரு பழம்பொருளைக் கையில் எடுக்கும்போது, அதிலிருந்து எதை நீக்குவது என்று நாம் எண்ணுவது இயல்பு. எதை நீக்கலாகாது என்று முன்னரே கேட்டறிவது அதனினும் இன்றியமையாதது. நீக்காமல் விட்டதை நாளையும் நீக்கலாம். நீக்கியதை மீண்டும் வைக்க இயலாது.

புதுக்கிய பட்டடையில் முதல் வேலையாக ஆசாரியார் பற்றுக்குறடு ஒன்று அடித்துக் கொடுத்தார். அஃது இன்றும் எம் பட்டறையில் வழங்குகின்றது. முதற் பட்டடை வீணாயிற்று என்று எறிந்துவிடவில்லை. அது பட்டறை வாயிற் கதவுக்கு முட்டாகக் கிடக்கின்றது. ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர்க்கு இரண்டின் மேலும் பேரிங் குண்டை விட்டுக் காட்டுகின்றோம். ஒன்றில் அது சோர்ந்து கிடப்பதையும், மற்றொன்றில் துள்ளி எழுவதையும் கண்டபின் அவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.